மாதம் நாற்பது

"நாற்பது பேரையும் இன்னைக்கே பார்த்தாகணும் கங்காதரன். ஒருத்தரையும் விடக் கூடாது."

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே தாட்சாயிணி சொல்லிவிட்டாள். கொரட்டூர் ஏரிக்கரைத் தெருவில் மலேரியா பரிசோதனைக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற கங்காதரனுக்கு எண்பத்தெட்டாம் வருஷத்து மே மாத வெயிலிலும் உடம்பு உதறியது. பின்னே? சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவுக்கே தலைமை அதிகாரி, மாநிலம் முழுக்க யாருக்கு என்ன நோய் என்று விரல் நுனியில் வைத்திருப்பவள், ஒரு கடைநிலை ஊழியனைத் தேடி நேரில் வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது?

"இன்னிக்கு வேணாம் மேடம். அல்லாரும் வேலைக்குப் போய்க்கீறாங்க. ஞாயித்துக்கெயம வந்தீங்கன்னா..."

"அது வரைக்கும் காத்திருக்க முடியாது. நடங்க."

முந்தாநாள் பரிசோதனைக்கூடத்திலிருந்து பத்மா போன் செய்ததிலிருந்தே தாட்சாயிணிக்குச் சோறு இறங்கவில்லை. பத்மா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பழைய ஆட்கள் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இல்லை என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். இந்தப் பெண் புதுசு. வெள்ளை அணுக்களையும் பார்த்துத் தொலைத்துவிட்டாள். ஏரிக்கரைத் தெருவிலிருந்து ரத்தம் தடவி வந்த ஸ்லைடுகள் நாற்பது. நாற்பதிலும் ரத்தப் புற்றுநோய்.

பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒரு தெருவுக்கே இப்படி வந்து நான் கேள்விப்பட்டதில்லை. முற்றிப்போன நிலை வேற. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் வெளியே மூச்சு விடாதீங்க."

நாற்பது பேர். அதில் பதினொரு பேர் குழந்தைகள். தாட்சாயிணி இருபத்தாறு வருஷமாக எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள். வட்டார ஆபீஸில் காலராச் சாவுகளைக் கூட்டிப் போட்டதில் தொடங்கி இந்த நாற்காலிக்கு வந்தவள். எந்த எண்ணைப் பார்த்தும் அவள் இப்படிப் பயந்ததில்லை. ஏரித் தண்ணீரா, காற்றா, என்ன பாவம் இது? சாயங்காலத்துக்குள் அமைச்சருக்கு அறிக்கை போயாக வேண்டும். போனால் ராத்திரிக்குள் தெருவையே காலி செய்துவிடுவார்கள்.

பட்டியலில் முதல் பெயர் பூங்காவனம். வயது நாற்பத்தைந்து. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக அடிபம்பிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?" தாட்சாயிணி கேட்டாள்.

"எனக்கின்னாம்மா கொறச்சல்? கல்லு மாதிரி கீறேன். நீங்கதான் மொகமெல்லாம் வெளுத்துப் போய்க்கீறீங்க. ஊட்டாண்ட வந்து ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டுப் போங்க."

இவளிடம் எதைச் சொல்வது? வாசலில் அவளுடைய பேத்தி சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பட்டியலில் இரண்டாவது பெயர் அந்தக் குழந்தைதான். வயது மூன்று. தாட்சாயிணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சுவரில் கங்காதரன் மாதா மாதம் வந்துபோன தேதிகளும் கையெழுத்தும் வரிசையாக இருந்தன.

"குழந்தையைக் கூப்பிடுங்கம்மா. விரல்ல ஒரே ஒரு துளி ரத்தம் எடுக்கணும்."

"பச்சப் புள்ள கையில ஊசியா? அந்தக் கதையே வேணாம்!" பூங்காவனம் குடங்களை டொக்கென்று இறக்கினாள். "இன்னா அண்ணாத்தே, நீ சொல்லக் கூடாதா?"

கங்காதரன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "மேடம், ஒரு நிமிசம் அந்தாண்ட வாங்க."

ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனவன் மூச்சு வாங்கினான்.

"சொன்னா வேலை பூடும் மேடம். ரெண்டு பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போவுதுங்க."

"உங்க வேலையில கை வைக்க மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம். சொல்லித் தொலைங்க!"

அவள் கத்தியே விட்டாள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ரத்தம்னு சொன்னாலே இந்தத் தெருவுல வெளக்குமாத்த எடுத்துகினு வராங்க மேடம். நாய அவுத்து வுடறாங்க. மேலேர்ந்து மாசம் நாப்பது ஸ்லைடு குடுன்னு மெமோ மேல மெமோ. நான் இன்னா பண்றது? பேரும் வயசும் எழுதிக்குவேன், செவுத்துல கையெழுத்து போடுவேன். யார் ஊட்லயும் ஒரு சொட்டு எடுக்கலை. இன்னா நோயின்னு பயந்து வந்தீங்களோ தெரியலை, இவங்க யாருக்கும் ஒண்ணும் கெடையாது மேடம், நீங்க பயப்படாதீங்க."

தாட்சாயிணிக்குக் கைகள் தாமாகவே குவிந்தன. பூங்காவனத்துக்கு ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. மாதா மாதம் நாற்பது, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். நிஜமான எண்கள் இப்படிப் பிசிறில்லாமல் வராது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுப்பவளே அவள்தான். அந்த மெமோக்களில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். இருக்கட்டும், தெரு பிழைத்ததே, அது போதும்.

"அப்போ அந்த ஸ்லைடு எல்லாம்..."

வேலை தப்பித்த சந்தோஷத்தில் கங்காதரன் முகமெல்லாம் மலர இடது கையை விரித்து நீட்டினான். விரல் நுனிகள் ஐந்தும் ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் போயிருந்தன.

"நாப்பதும் என் ரத்தம்தான் மேடம்."