வலப்பக்கத்துப் பொண்டாட்டி

"இந்தக் கல்யாணம் செல்லாது!"

சொன்னது மங்களம் அத்தை. செருப்பைக்கூட முழுசாய்க் கழற்றவில்லை. ஒரு கால் வாசலில், ஒரு கால் கூடத்தில்.

தம்பி மகேந்திரன் வாசலுக்கு ஓடி வந்தார். அக்கா இந்த வீட்டுப் படி ஏறுவதே இன்றைக்குத்தான். கல்யாணப் பத்திரிகையில் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார்கள் என்று, தாலி கட்டும் முன்பே தோட்டத்துக் கோயிலை விட்டு எழுந்து போனவர். இருபத்தஞ்சு வருசக் கோபம். வெள்ளி விழாவுக்கு வாங்க வாங்க என்று சித்தியவானுக்கே போய்க் கெஞ்சி, ஈப்போவுக்கு வரவழைத்திருக்கிறார். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுப் போனால் போதும் என்று மனுசர் வேண்டாத சாமியில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"அந்தப் படத்தைப் பாருடா. கலா உனக்கு எந்தப் பக்கம் உக்காந்திருக்கா?"

சுவரில் தொங்கியது மகள் ஷர்மினியின் பரிசு. கல்யாணப் படத்தைக் கேன்வாஸில் ஏற்றுகிறேன் என்று வீடியோ பார்த்து அவளே செய்தது. பிரிண்ட் எடுத்த படத்தைக் கேன்வாஸில் பசை தடவிக் குப்புற ஒட்டி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உதிரும். படம் மட்டும் துணியில் தங்கும். ஆனால் இடம் வலமாய்த் தங்கும். அதனால் முன்கூட்டியே படத்தைத் திருப்பிப் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

அங்கேதான் எங்கேயோ சொதப்பல். காலையில் தேய்க்கத் தேய்க்க, அப்பாவுக்கு வலது கையில் கடிகாரம் முளைத்தது. அம்மாவின் முந்தானை வலது தோளுக்கு ஏறியது. பதற்றத்தில் அழுத்தித் தேய்த்ததில் அப்பாவின் பாதி மீசையும் காணாமல் போனது. வேறொன்று செய்ய ஏது நேரம்?

"வலது பக்கம்," என்றார் மகேந்திரன், அழாத குறையாய்.

"தாலி ஏறினவ புருசனுக்கு இடது பக்கம்தானே உக்காரணும்? வலது பக்கம்னா இன்னும் தாலி ஏறலைன்னு அர்த்தம். அப்ப இத்தனை வருசமா ரெண்டு பேரும் சும்மாவே குடித்தனம் நடத்தியிருக்கீங்க!"

விழாவுக்கு வந்திருந்த சொந்தமெல்லாம் கொல்லென்று சிரித்தது.

"படம்தான் அத்தை திரும்பிருச்சு. கல்யாணம் திரும்பல லா," என்றாள் ஷர்மினி எரிச்சலோடு.

"நீ பேசாத. கல்யாணத்துக்கு முந்தியே பொறந்தவ!"

"படத்தைக் கழட்டிரலாம்க்கா," மகேந்திரன் நாற்காலியை இழுத்தார்.

"கழட்டினா? கண்ணால பாத்தாச்சே! இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

அத்தையின் கால் மறுபடி செருப்பைத் தேடியது. மகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப என்னதான்க்கா செய்யச் சொல்றீங்க?"

"வேறென்ன? மறுபடி தாலி கட்டு."

"அலாமா! இந்த வயசுலயா?"

"ஏன், உன் பொண்டாட்டிக்குக் கழுத்து இல்லாமப் போச்சா?"

"அதுக்கென்ன அண்ணி, கட்டிக்கிட்டாப் போச்சு," என்று அடுக்களையிலிருந்து வந்தாள் கலாதேவி. கையில் தட்டு. அதில் மஞ்சள் கோத்த புதுக் கயிறு, குங்குமம், அட்சதை.

இருவரையும் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். யாரோ கைப்பேசியில் கெட்டிமேளம் தேடினார்கள். முதலில் துணி துவைக்கும் சவர்க்கார விளம்பரம் வந்தது. அது முடியும்வரை மகேந்திரன் கயிறும் கையுமாய்க் காத்திருந்தார்.

மேளம் முழங்க, முதல் முடிச்சைப் போட்டார். மிச்ச ரெண்டும் நாத்தனார் முடிச்சு; மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. அன்றைக்கு அக்கா கிளம்பிப் போய்விட்டதால், தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்லாயிதான் போட்டாள். இன்றைக்கும் அதே செல்லாயி பழக்க தோசத்தில் கையை நீட்டினாள்.

"தள்ளு! நாத்தனா நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல?"

அத்தை குனிந்து முடிச்சுப் போட்டார். மூன்றாவதையும் இறுக்கியபின் கலாவின் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அன்னைக்கே போட்டிருக்கணும் கலா," என்று உடைந்து அழுதார். அப்புறம் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன வேடிக்கை? சோத்தைப் போடுங்க!" என்றார். பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார். மகேந்திரன் சாப்பிடாமல் அக்காவின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் அடுக்களையில் ஷர்மினி புலம்பினாள்.

"படத்தைச் சரியாத் திருப்பித்தானேம்மா உங்க போனுக்கு அனுப்பினேன்? நீங்க பிரிண்ட் எடுத்த கடைக்காரன் என்ன செஞ்சு தொலைச்சான்?"

"அவனை ஏசாத. பழையபடி திருப்பி எடுக்கச் சொன்னது நான்தான்."

"அம்மா!"

கலாதேவி பாயசச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஆசைப்பட்டதைக் கேக்க உங்க அத்தைக்கு வாய் வராதுடி, குத்தம் சொல்லத்தான் வரும். அதான், சுவத்துல ஒரு குத்தத்தை மாட்டி வச்சேன்."