இன்ஜின் பிரிக்காத மாப்பிள்ளை

சந்திரலேகா தலை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். கூடத்து மூலையில் நின்றிருந்த அவள் அப்பா கண்ணப்பனுக்கு, வல்லக்கோட்டை முருகனே இறங்கி வந்து தோளில் தட்டியது போல இருந்தது.

இதற்கு முன் பெண் பார்க்க வந்த நாலு பேரையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காபியை நீட்டிவிட்டு உள்ளே போய், "வேணாம்ப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியில் யாரையோ பார்த்து வைத்திருக்கிறாள் என்று கதை கட்டியாகிவிட்டது.

இன்று வந்தவன் மணிகண்டபிரபு. ஸ்ரீபெரும்புதூர்ப் பையன், கார் கம்பெனியில் நிரந்தர வேலை. தன் பைக்கில் தனியாக வந்து இறங்கினான். அவன் அம்மா ராஜாமணி, பூவும் பழமும் அடுக்கிய தட்டோடு ஷேர் ஆட்டோவில் நசுங்கி, அரைமணி கழித்து வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள்.

"அம்மாவ வண்டியில ஏத்திக்கினு வரலியா தம்பி?" என்றார் கண்ணப்பன், ஒரு பேச்சுக்கு.

"டபுள்ஸ் அடிச்சா இன்ஜினுக்கு ஆவாதுங்க" என்றான் அவன்.

ராஜாமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கி எட்டு வருசம் ஆவுது. இன்னி வரைக்கும் இன்ஜினப் பிரிச்சதில்ல. பெத்தவ என்னையே ஏத்துனதில்லன்னா பாத்துக்குங்களேன்!" குரலில் அத்தனை பெருமை.

அந்த இடத்தில்தான் சந்திரலேகா சிரித்தது.

"எவ்ளோ ஓடியிருக்குங்க?" என்று கேட்டாள்.

"எம்பதாயிரம் தாண்டிடுச்சு." மணிகண்டபிரபுவின் முகம் மலர்ந்தது. போன இடத்திலெல்லாம் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்கள், குடிப்பானா என்று கேட்டிருக்கிறார்கள். இன்ஜினை யாரும் கேட்டதில்லை.

"ஆயில்?"

"ரெண்டாயிரத்துக்கு ஒருக்கா மாத்திடுவேன். கறுக்கற வரைக்கும் வெச்சிக்கினு இருக்க மாட்டேன்."

"இந்த லாரி ரோட்டுல புழுதி அள்ளுதே. ஏர் ஃபில்டர்?"

"ஞாயித்துக்கெழமையானா கழட்டிச் சுத்தம் பண்ணிடுவேங்க. புழுதி உள்ள பூந்துச்சுன்னா பிஸ்டன், ரிங்கு எல்லாத்தையும் தேச்சிடும். காலைல ஸ்டார்ட் பண்ண ஒடனே முறுக்க மாட்டேன். டாப் கியர்ல மேடு ஏத்தித் திணற வுட மாட்டேன். புதுசுல, மொத ஆயிரம் கிலோமீட்டர் நாப்பதத் தாண்டல."

"அப்புறம்?"

"அப்புறமும் தாண்டல."

கண்ணப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு இரும்பையே இப்படிக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவன், கட்டினவளை எப்படித் தாங்குவான்! பெற்றவளை எதில் அனுப்பினான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கடவுள் கொடுத்த வரம் அந்த மறதி.

"நான் வண்டிய ஒருவாட்டி பாக்கலாமா?" என்றாள் சந்திரலேகா.

தனியாகப் பேசச் சாக்குத் தேடுகிறாள் என்று கண்ணப்பன் புரிந்துகொண்டார். ராஜாமணியும் புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் ஜன்னலோரம் போய், பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சந்திரலேகா குனிந்து சைலன்சர் முனையில் விரலை வைத்துத் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. அவன் வண்டியை உதைத்தான், ஒரே உதை. அவள் கண்களை மூடி, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் இந்தப் பக்கம் வராமல் நின்றதிலிருந்து ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய், தினமும் எரிந்து விழுந்துகொண்டிருந்த பெண்ணா இவள் என்றிருந்தது கண்ணப்பனுக்கு.

"வேற யாராச்சும் ஓட்டியிருக்காங்களா?"

"ஐயோ! என் கையைத் தவிர வேற கை பட்டதே இல்லீங்க."

பின்பாதி மட்டும் காதில் விழுந்த கண்ணப்பன், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் என்னை ஏத்திக்குவீங்களா?"

மணிகண்டபிரபு அவளை மேலும் கீழுமாகப் பார்த்தான். "நீங்க எத்தினி கிலோ?"

"அம்பத்தி நாலு."

மனசுக்குள் கணக்குப் போட்டான். "மாசத்துக்கு ஒருவாட்டி உங்க வூட்டுக்குக் கூட்டியாறேங்க. மேடு இல்லாத ரோடா பாத்து."

"திரும்பிப் போறதுக்கு?"

"ஷேர் ஆட்டோ கீதே."

சந்திரலேகா மறுபடியும் சிரித்தாள்.

விடைபெற்றுக் கிளம்பினார்கள். அவன் நாற்பதைத் தாண்டாமல் போனான். ராஜாமணி ரோட்டில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"இன்னாம்மா, புடிச்சிருக்கா?" கண்ணப்பனுக்குக் கதவைச் சாத்தக்கூடப் பொறுமை இல்லை.

"ரொம்பப் புடிச்சிருக்குப்பா." அவள் பார்வை இன்னும் ரோட்டில்தான் இருந்தது. "இந்த ஏரியா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒண்ணு கெடைக்காது. விட்டா வேற யாராச்சும் கொத்திக்கினு போயிடுவாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் வீட்டுக் கௌரவம், ரெண்டு நாள் கழித்துப் பதில் சொல்வது எல்லாம் பறந்துபோக, அப்போதே செல்போனில் ராஜாமணியைக் கூப்பிட்டார். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, "சொல்லுங்க சம்பந்தி!" என்று குரல் வந்தது.

"நான் இன்னாத்த சொல்றது? பொண்ணு வாயாலயே கேட்டுக்கங்க" என்று தழுதழுத்தபடி போனை மகளிடம் நீட்டினார்.

சந்திரலேகா அதை மரியாதையாக வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா, உங்க புள்ள வேணாங்க. அந்த வண்டிய மட்டும் விப்பீங்களா?"