பூஜ்ஜியத்துக்கு முன்னால்

அன்று குளிர்பதனக் கிடங்கில் மூன்று பேர் இருந்தோம்: கதவுக்கு சர்க்யூட் போட்ட அக்கா, முதலாளி, படிப்பைப் பாதியில் விட்டு அங்கே இரவுக் காவலுக்குச் சேர்ந்த நான். பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் கழித்துக் கதவு சாத்திப் பூட்டிக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் திறக்கும் என்று லாப்லாஸ் உருமாற்றம் என்ற கணித முறையில் அக்கா கணக்கிட்டிருந்தாள்.

நான் அழுத்தினேன். அழுத்தும்போதே கதவு பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டு மறுபடி பார்த்தோம். இந்த முறை விரல் படும் முன்பே பூட்டிக்கொண்டது.

அக்கா, தாமதத்துக்காகப் போட்ட மின்தேக்கியின் இரு கால்களையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்தாள். பொறி வரவில்லை. மிச்ச சார்ஜ் எதுவும் இல்லை.

“நீ அழுத்துற நொடிதான்டா என் கணக்குல பூஜ்ஜியம். அதுக்கு முன்னாடி நடக்கிறதுக்கு அதுல இடமே இல்ல.”

“தம்பி அழுத்தப்போறது கதவுக்கு முன்கூட்டியே தெரியுது போல,” என்று முதலாளி சிரித்தார். “சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்மா.”

அக்கா டார்ச்சை எடுத்தாள். பொத்தான் வெளிச்சுவரில் இருந்தது; பூட்டின் வயர்கள் உள்பக்கம் இருந்தன. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை இன்னும் மாட்டவில்லை.

“பொத்தான்ல கை வச்சே, கொன்னுடுவேன்.”

“இன்னைக்கு முழுக்கத் தொட மாட்டேன்க்கா,” என்று கைகளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு நிதானமாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.