ஸ்பிரிங்ளருக்குச் சந்தனம்

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து கிடங்குக்குள் நுழைந்த பாதுகாப்பு அதிகாரி பொற்கொடி, கூரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்ச வேண்டிய ஸ்பிரிங்ளர்கள் அத்தனையிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். சூடு பட்டதும் உடைந்து தண்ணீருக்கு வழிவிடும் சின்னக் கண்ணாடிக் குமிழ், காய்ந்த சந்தனத்துக்குள் மறைந்து கிடந்தது. அதன் கீழே ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கடுக்காக வாசனை ஸ்பிரே டப்பாக்கள். ஒன்று கசிந்து ஒரு பொறி பட்டால் போதும்.

"யாரு வச்சது?"

"நான்தான் மேடம்," என்றார் லோடுமேன் ஏகாம்பரம். "ஃபோர்க்லிஃப்ட்ல ஏறி ஒண்ணு விடாம வச்சேன். நம்ம உயிரைக் காப்பாத்துறதே அதுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுரண்டினால் குமிழ் உடையும். அப்படியே விட்டால், தீப்பிடித்த பிறகும் உடையாது. மேனேஜருக்குப் போன் செய்து, ஸ்பிரிங்ளர்களை மாற்றும்வரை சரக்கு இறக்க வேண்டாம் என்றாள்.

"தீபாவளி சரக்கும்மா, நிறுத்த முடியாது. புதுசு வரட்டும், மாத்திக்கலாம்."

வாசலில் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. பொற்கொடி அண்ணாந்தபடியே கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் கும்பிடுகிறாள் என்று நினைத்த ஏகாம்பரம், செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.