பாசிக்கு ஒரு லைட்டு

ஊரே பாசியத் தேய்ச்சிக் கழுவுது. பாசி வளக்கணும், கம்மி வெலையில லைட்டு குடுங்கன்னு தியாகதுருகம் கடைத்தெருவுல என் எலக்ட்ரிக் கடைக்கு வந்து நிக்கிறா ஒரு பொம்பள. பேரு மலர்விழியாம். அதுவும் இது மூணாவது தடவை.

மொதோ தடவை செடி வளக்கிற செவப்பு லைட்டு குடுத்தேன். வெளிச்சம் பத்தலன்னு திருப்பிக் கொண்டாந்தா. அடுத்து ஒம்போது வாட் பல்பு. அதுக்குப் பச்சப் பாசி வரல, காவி கலர்ல கொழகொழன்னு வந்துச்சாம்.

மீன் தொட்டி மேல ஒரு டப்பா, அதுக்குள்ள பிளாஸ்டிக் வலை. மோட்டாரு தண்ணிய அது மேல ஊத்திக்கினே இருக்கும். வலையில பச்சப் பாசி புடிச்சா மீனோட அழுக்க அதுவே தின்னுடுமாம், அடிக்கடி தண்ணி மாத்த வேணாமாம். போன்ல பாத்துக் கத்துக்கினாளாம். அவ தெருவுல கொழாத் தண்ணி மூணு நாளைக்கு ஒருக்காதான்.

எனக்கு எரிச்சலா வந்துச்சி. "தண்ணி மாத்த முடியலன்னா மீனு எதுக்கும்மா? நானும் கல்லா பக்கத்துல தொட்டி வெச்சிருந்தவன்தான். தண்ணி மாத்தி மாளல, போன மாசம் எடுத்துட்டேன். வாயில்லா ஜீவன வதைக்கக் கூடாது."

கடையில நின்ன நாலு பேரு கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன்.

அவ அசரல. மேல் தட்டுல பெயின்ட் உரிஞ்சி கெடந்த பத்து வாட் ஃபோகஸ் லைட்டக் காட்டி, எரியுமான்னு கேட்டா. எரியும், பாக்கத்தான் நல்லாருக்காதுன்னேன்.

"பாசி இன்னா அழகா பாக்கப் போவுது?"

போட்டுக் காட்டுனேன். மஞ்ச வெளிச்சம். பையிலேர்ந்து வலைய எடுத்து ஒரு சாண் தள்ளிப் புடிச்சி, கையால சூடு பாத்தா. அப்புறம் பாதி வெலைக்குக் கேட்டா. எவ்ளோ சொல்லியும் அதுக்கு மேல ஏறி வரல.

"இத்தினி புடிவாதம் புடிக்கிறியே, அந்த மீன இன்னா வெல குடுத்து வாங்குன?"

போன எடுத்து நீட்டுனா. போட்டோவுல ஆரஞ்சு மீனு. ஒத்தக் கண்ணு. என் கல்லா பக்கத்துல ரெண்டு வருஷம் சுத்தி வந்த அதே மீனு.

"வாங்கலண்ணே. உங்க கடைப் பின்னாடி சாக்கடையில துடிச்சிக்கினு கெடந்துச்சி. தெனம் காலைல அந்தத் தெருவக் கூட்றது நாந்தான்."