இடது பெடல்

“என் மாமியார் வீடு திரும்ப முக்கால் மணி நேரந்தான் இருக்கு. அதுக்குள்ள கழட்டிடுங்கண்ணே.”

சைக்கிள் கடைக்காரர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வளைந்த கைப்பிடி, விரல் தடிமன் டயர், ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற பந்தய சைக்கிள். அதை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள், நாலடிக்கு ஒருமுறை தெருவைத் திரும்பிப் பார்த்தபடி.

“யாரோட சைக்கிள்ம்மா?”

“என் வீட்டுக்காரரோடது.”

“அவருக்குத் தெரியுமா?”

“அவர் தவறிப் பதினோரு மாசம் ஆச்சு.”

கடைக்காரர் சைக்கிளைத் தூக்கித் தாங்கியில் மாட்டினார்.

“ஷூவோட அடியில பூட்டிக்கிற பெடல் இது. இதை எடுத்துட்டு என்ன போடணும்?”

“சாதாரணமா, தட்டையா இருக்குமே, அது. ஞாயித்துக்கிழமை காலைல ஏரியைச் சுத்திட்டு வரணும். அவ்வளவுதான்.”

“கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு ரப்பர் செருப்போட கிளம்பின மாதிரி இருக்குமே.”

“இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன பந்தயத்துக்கா போறேன்? நெனச்ச இடத்துல கால் ஊனணும், எனக்கு அது போதும்.”

“சீட்டை இறக்கணுமா?”

“வேண்டாம். அவரும் நானும் ஒரே உயரம். ‘ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவுல நான் குடித்தனம் பண்றேன்’னு என் மாமியார் எங்களை அண்ணாந்து பாத்துத் திட்டுவாங்க.”

சொன்னதும் சிரிப்பு வந்தது. மாமியார் என்ற சொல் அதை உடனே துடைத்துவிட்டது.

வீட்டில் மிச்சமிருந்தது அவர்கள் இருவர்தான். இந்தச் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, மாமியார் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், “அது இருக்கற இடத்துல இருக்கட்டும். நீ அதுல கை வைக்காத” என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு நான்கு நாளை அவளால் தாங்க முடியாது. அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு ஆள் இல்லை. ஆனால் கணவன் போய்வந்த ஏரிக்கரைக்கு அவனுடைய சைக்கிளில் ஒருமுறையாவது போகாமலும் இருக்க முடியவில்லை. பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டால், பெடலை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

மாமியார் பல் டாக்டரிடம் போயிருந்தார். கூட்டம் அதிகம், எப்படியும் ஆறு மணி ஆகிவிடும்.

வலது பெடல் இரண்டே சுற்றில் இளகியது. இடது பெடல் அசையவில்லை. கடைக்காரர் எண்ணெய் விட்டார், நீளமான ஸ்பேனரை மாட்டினார், ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார்.

“யாரோ கழட்டப் பாத்திருக்காங்கம்மா. இடது பக்கம் மட்டும் மரை தலைகீழா இருக்கும். அது தெரியாம எல்லாத் திருகு மாதிரியும் சுத்தி, நல்லா இறுக்கி வச்சிருக்காங்க. பாருங்க, ஸ்பேனர் வழுக்கின கீறல்.”

“இதை அவரைத் தவிர யாரும் தொட்டதில்ல.”

“பந்தய சைக்கிள் ஓட்டினவருக்கு இது தெரியாதா என்ன?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது. அப்போது கைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ‘அத்தை’.

“டாக்டர் இன்னிக்கு வரலையாம். வீட்டுக்கு வந்துட்டேன்.” கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “சைக்கிள் எங்க?”

“அத்தை, நான் வந்து...”

இணைப்பு அறுந்தது. அதே நொடியில் இடது பெடலும் ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது.

“பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க” என்றாள். கடைக்காரர் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். புதிய பெடல்களை மாட்டி முடித்ததும், சைக்கிளை ஏறக்குறைய இழுத்துக்கொண்டே ஓடினாள்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. நடையில், சைக்கிள் நிற்கும் சுவரோரம், வெறும் தரையைப் பார்த்தபடி மாமியார் நின்றிருந்தார். டாக்டரிடம் போன செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“திட்டணும்னா திட்டிடுங்க அத்தை. பேசாம மட்டும் இருக்காதீங்க.”

மாமியார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மெல்லக் குனிந்து இடது பெடலை விரலால் தொட்டார்.

“இந்தப் பக்கம் எப்படிக் கழண்டுச்சு?”

“அதைத் தலைகீழாச் சுத்தணுமாம் அத்தை. கடைக்காரர்தான் கழட்டினார். பழசு பத்திரமா இருக்கு. இப்பவே போய் மாட்டிட்டு வந்துடறேன்.”

மாமியார் நிமிர்ந்தார். தன் நெஞ்சு அளவுக்கு நின்ற சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சீட்டையும் தொட்டியா?”

“சத்தியமா இல்ல அத்தை! அவர் வச்ச உயரத்துலயே விட்டுட்டேன்.”

மாமியார் நெற்றியில் லேசாகத் தட்டிக்கொண்டார்.

“அதையும் இறக்கிட்டு வர்றதுக்கு என்னடி? எத்தனை நாளா மிதிக்கப் பாக்கறேன், எனக்குக் கால் எட்டவே மாட்டேங்குது.”