வாசல் தாண்டாதவ

டைரக்டருக்கு பயத்துல சோறே இறங்கல. செத்துப்போன பெரிய எழுத்தாளர் ஒருத்தரோட கதையைப் படமா எடுக்கிறார். புருஷன் எழுதி முடிக்கிற வரைக்கும் அறையை விட்டு வெளிய வராம, அன்பாலயே காத்துக் கிடக்கிற பெண்டாட்டியோட கதை. பள்ளிக்கூடத்துல அதைப் படிச்சு அழாதவங்க கிடையாது. அந்தப் பெண்டாட்டி வேற யாருமில்ல, எழுத்தாளரோட சம்சாரமேதான். அவங்க வந்து செட்டைப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஷூட்டிங்.

அந்தம்மா வந்தாங்க. செவுத்தைத் தடவினாங்க. ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாங்க.

"எப்படிம்மா இருக்கு?"

"அச்சு அசல் அப்படியே இருக்கு தம்பி."

டைரக்டருக்குத் தலைகால் புரியல. "குறை ஏதாவது இருந்தா கூச்சப்படாம சொல்லுங்கம்மா. உடனே மாத்திடலாம்."

"ஒண்ணே ஒண்ணுதான். தாழ்ப்பாளை உள்பக்கம் வெச்சிருக்கீங்க. அது வெளிப்பக்கம்ல இருந்துச்சு!"

"வெளிய எதுக்கும்மா தாழ்ப்பாள்?"

"நல்லா கேட்ட போ! அவர் எழுத உக்காரும்போது என்னை உள்ள விட்டுப் போட்டுட்டுப் போவாரு. எழுதி முடிச்சாத்தான் திறப்பாரு. நடுவுல தட்டினா அடி விழும்."

அந்தம்மா கதவைக் கை காட்டினாங்க.

"அதை மாத்துங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

டைரக்டர் கார்பென்டரைக் கூப்பிட்டு, "அம்மா சொன்ன மாதிரியே வெளிப்பக்கம் மாட்டுப்பா"ன்னு சத்தமாவே சொன்னார். அந்தம்மா தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க.

கார் கிளம்பினதும் டைரக்டர் கேமராமேன் தோள்ல கையைப் போட்டார்.

"கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் கேமரா போகவே கூடாதுய்யா."